கராச்சிக்குப் போன புளி

எழுபதுகளின் நடுவில், போரால் நின்றுபோன வியாபாரம் பாகிஸ்தானோடு மறுபடி தொடங்கப் போகிறது என்று செய்தித்தாளில் வந்தது. அன்று பென்னாகரம் கடைத்தெருவில் என்னைவிட மகிழ்ந்தவன் யாருமில்லை. பி.காம். முடித்திருந்தேன், அப்பாவுக்குப் பின் புளி மண்டி என் கைக்கு வந்திருந்தது. சண்டை போட்ட தேசங்கள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால்தான் பகை குறையும் என்று டீக்கடையில் நின்று விளாசினேன்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே கேட்டார்: "அதெல்லாஞ் சரிங்க தம்பி, பக்கத்து மண்டியோட நீங்க பேசறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மண்டி பெரியப்பாவுடையது. ஒன்றாக இருந்த மண்டியை அவரும் அப்பாவும் சண்டையிட்டு, நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவன் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அவன் கடை முன்னால் வண்டி நின்றால் எனக்கு வயிறு எரியும். அவன் புது பெல்ட் கட்டினாலும் எரியும்.

கொஞ்ச நாளில் சேலத்திலிருந்து ஒரு தரகர் வந்தார். கராச்சிக்கு அனுப்பக் கொட்டை எடுத்த புளி ஒரு லாரி வேண்டுமாம். நேராக என்னிடம்தான் வருவார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.

எட்டிப் பார்த்தேன். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்து அண்ணன் கைமேல் போட்டார். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை; துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். துண்டு அசைந்தது. அண்ணன் சிரித்தான். பேப்பர் படித்து ஊருக்கே சொன்னவன் நான். கராச்சிக்குப் போவது அவன் புளியா? மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவனே என் மண்டி வாசலில் வந்து நின்றான். பேசவில்லை. என் மூட்டைகளைக் காட்டிவிட்டுத் துண்டை விரித்தான். லாரி நிறைய அவனிடம் சரக்கில்லை என்பது புரிந்தது.

உள்ளே போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் நான் தராவிட்டால் பக்கத்து ஊர் இண்டூரில் வாங்கிக்கொள்வான். ஊரில் அவன் மட்டும் கராச்சிக்கு அனுப்பியவன் என்ற பேச்சைக் காலமெல்லாம் நான் கேட்க வேண்டும். நினைத்ததுமே கை துண்டுக்குள் போய்விட்டது. அவன் விரல்கள் வியர்த்திருந்தன. நியாயமான விலைதான் பிடித்தான். ஒரு சொல் இல்லாமல் முடிந்தது.

அப்போதுதான் உறைத்தது: மூட்டை முழுக்க, சாக்கின் மேல் அடிக்கும் அவன் மண்டி மார்க்கோடு போனால்? விரலால் விலையைத்தான் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது?

"எம் மூட்டையில எங்க மண்டி மார்க்குதான் இருக்கணும்," என்றேன்.

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் கை அப்படியே நின்றது.

அண்ணன் என்னையே பார்த்தான். "போட்டுக்கோடா. கராச்சிக்காரன் செவுத்துக்கு எந்தப் பக்கம்னு பாத்தா வாங்கப் போறான்?"

"அப்ப எம் மூட்டைய மேல அடுக்கணும்."

"ஆசையப் பாரு! முன்னாடி என்னுது, பின்னாடி உன்னுது."

"ரோட்டுப் புழுதி பூரா எனக்கா?"

லாரி கிளம்பும்வரை சண்டை. பேசாத வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசினோம். லாரி தெருமுனையில் திரும்பியபோது, பின்னால் நின்ற ஊர்க்கண்ணுக்குத் தெரிந்தது என் மார்க் மட்டும்தான். அண்ணன் அதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன்.