சவரியம்மாள் அத்தையை ராபர்ட் ஆக்கிய புத்தகம்

பைண்டிங் பசை காய்கிற வாசனை இன்றைக்கும் எங்காவது மூக்கில் ஏறினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தர்மபுரியில் ஒரு சின்னப் பதிப்பகத்தில்தான் எனக்கு முதல் வேலை. டிகிரி முடித்த கையோடு சேர்ந்தேன். டைப் அடிப்பது, புரூஃப் பார்ப்பது, ஆங்கிலப் புத்தகங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது... எல்லாம் நான்தான்.

போட்டதெல்லாம் 'ஜெயிப்பது எப்படி' என்று சொல்லித்தரும் வெற்றிப் புத்தகங்கள். அட்டையில் கோட்டு போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே விமானக் கம்பெனி, கார் கம்பெனி, யாரோ ஒரு சேர்மன் காலை நாலு மணிக்கு எழுந்த கதை. பஸ் ஸ்டாண்டு கடைகளில் நன்றாகவே விற்கும்.

ஒரு புத்தகத்தில், சரக்கு தேங்கினால் என்ன செய்வது என்று ஓர் அத்தியாயம். அதிலிருந்த உதாரணம் எனக்கே புரியவில்லை. முதலாளியிடம் சொன்னேன்.

"அத தூக்கிரும்மா. நம்ம ஜனங்களுக்குப் புரியற மாதிரி நீயே ஒண்ணு எழுதிப் போடு" என்றார்.

ஒரே மூச்சில் எழுதினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

சவரியம்மாள், என் அப்பாவின் அக்கா. மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம். விலை விழுந்தால் மற்றவர்கள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அத்தை கொட்டியதே இல்லை. வாரம் பிறந்ததும் பாலக்கோடு வரைக்கும் கல்யாண மண்டபம் மண்டபமாகப் போய், என்றைக்கு யார் வீட்டு விசேஷம், யார் சமையல் என்று கேட்டு வைத்துக்கொள்வார். நன்றாகப் பழுத்தது இன்றைக்குச் சமைப்பவருக்கு. பாதி பழுத்த செங்காய் நாளை மறுநாள் சமைப்பவருக்கு. கெட்டிக்காய் ஓசூர் பஸ்ஸில் ஏறிவிடும். எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் தலைக்குள்தான்.

பெயரும் ஊரும் போட்டு மூன்று பக்கம். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம்... அத்தையிடம் போய்ச் சொல்லியும் விட்டேன். அவர் மார்க்கெட் முழுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றும் சொன்னார்.

புத்தகம் பைண்டிங் முடிந்து கட்டுக்கட்டாக வந்தது. பிரித்துப் பார்த்தேன்.

அத்தை இல்லை.

அமெரிக்காவில் ராபர்ட் என்று ஒருவர். ஆப்பிள் வியாபாரி. கல்யாண மண்டபம் ஹோட்டல் ஆகியிருந்தது. மற்றதெல்லாம் நான் எழுதிய அதே வரிகள், காற்புள்ளி உட்பட. நான் புரூஃப் பார்த்து முடித்த பிறகு முதலாளி மாற்றியிருக்கிறார்.

"ஏன் சார் மாத்துனீங்க?"

தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "கதை நல்லாருக்கு, அதான் வெச்சிருக்கேன். ஆனா மாரண்டஹள்ளி தக்காளிக்காரம்மா சொல்றத எவம்மா வாங்குவான்? வெள்ளக்காரன் பேரு இருந்தாத்தான் புக்குக்கு ஒரு கெத்து."

நான் என் இடத்துக்கு வந்து அடுத்த புரூஃபை எடுத்தேன்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் அவரே பஸ் ஸ்டாண்டில் வாங்கிவிட்டார். பக்கத்து வெங்காயக் கடைக்காரரிடம் கொடுத்து, நாலு பேர் சுற்றி நிற்க, சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். படித்து முடித்துவிட்டு அவர், "சவரியக்கா, இதுல நீ எங்கக்கா இருக்கற?" என்று கேட்க, மார்க்கெட்டே சிரித்ததாம்.

மறுநாள் காலை அத்தை பஸ் ஏறி நேரே பதிப்பகத்துக்கே வந்துவிட்டார். நல்ல சேலை கட்டியிருந்தார். முதலாளியின் மேஜை மேல் புத்தகத்தை வைத்தார்.

"எம் பேரு இல்லீனா பரவால்லீங்க. ஆனா இந்த ராபர்ட்டு யாருங்க? அவன் எப்பங்க எங்கூட மண்டபம் மண்டபமா வெயில்ல நடந்தான்?"

முதலாளி சிரித்தார். "அது சும்மா ஒரு பேரும்மா."

"சும்மா ஒரு பேரு போடறதுக்கு, நெசமா இருக்கற பேர எதுக்குங்க எடுத்தீங்க?"

முதலாளி புத்தகத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அடுத்த பதிப்புல மாத்திரலாம்மா, போய்ட்டு வாங்க" என்றார்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

அடுத்த பதிப்பு வந்தது. ராபர்ட் அப்படியே இருந்தார். கூடுதலாக, டை கட்டிய அவருடைய படம் வேறு. அந்தப் பதிப்பையும் புரூஃப் பார்த்தது நான்தான். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். முதலாளி மேல் உள்ள கோபத்தில் பாதி, என் மேல் உள்ள கோபம்.

இப்போது வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. முழுப் புத்தகத்தையும் மொழிபெயர்த்துத் தரச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை. வெற்றிப் புத்தகத்தைக் கால் மணி நேர ஆடியோவாகச் சுருக்கும் ஒரு மொபைல் ஆப்புக்கு எழுதுகிறேன். போன வாரம் அவர்களிடமிருந்து ஒரு மெயில். உதாரணங்கள் 'லோக்கலாக' இருக்க வேண்டுமாம். டேவிட்டை முருகேசன் ஆக்குங்கள், சிகாகோவை சேலம் ஆக்குங்கள்...

அன்றைக்கு உயிரோடு இருந்த மனுஷியை எடுத்துவிட்டு வெள்ளைக்காரனைப் போட்டார்கள். இன்றைக்கு வெள்ளைக்காரனுக்கு நம்மூர்ப் பெயர் வைக்கச் சொல்கிறார்கள். இரண்டிலும் நம்மூர் ஆள் யாரும் இல்லை!

நிஜமாகவே ஒருவர் இருக்கிறார், எழுதட்டுமா என்று கேட்டேன். அவருக்கு எத்தனை ஃபாலோயர்ஸ் என்று பதில் வந்தது.

அந்த ஆத்திரத்தில் அத்தைக்குப் போன் போட்டேன். இப்போதும் மார்க்கெட்டுக்குப் போகிறார்.

"அன்னிக்கு நான் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தேன் அத்தை" என்றேன், இத்தனை வருடம் கழித்து.

"தெரியும் கண்ணு. பாத்துட்டுத்தான வந்தேன்" என்றார்.



ஃபேஸ்புக்கில் அவர் பெயர் போட்டு எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதிக்க. ஆனா அது பழைய தொழிலு கண்ணு. இப்ப எவ மண்டபம் மண்டபமா நடக்கறா? இப்ப நான் வேற மாதிரி பண்றேன்" என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் விலாவாரியாகச் சொன்னார். கேட்டு அசந்துபோனேன்.

அதை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.