வாய் தவறி வந்த பெயர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லியா?" என்று எழுந்து போகிற ஆள்தான் நானும்.

எழுபதுகளில் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லம். நினைவு தப்பிய கிழவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சின்னத்தாயி நல்லம்பள்ளிக்காரர், முனியம்மா ஏரியூர். முன்பின் பார்த்திராத இருவரும் ஒருவரையொருவர் சக்களத்தி என்று நினைத்துக்கொண்டார்கள். "எம் வூட்டுக்காரர எங்கடி ஒளிச்சு வெச்ச?" என்று தினமும் ரகளை. பக்கத்தில் உட்கார வைக்க மாட்டேன், இருவருக்கும் ஒரே நேரத்தில் சோறு போடுவேன், கைக்கு எட்டுகிற மாதிரி சொம்பு வைக்க மாட்டேன். ஆனாலும் எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? எல்லாம் மறந்த கிழவிகளுக்கே புருஷன்மேல் அத்தனை உரிமை. என்னுடையவர் பெங்களூரில் எவளோடோ தங்கிவிட்டார். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது முனியம்மா தட்டோடு சின்னத்தாயி பக்கம் நகர்ந்துபோய், எங்கிருந்தோ பித்தளைச் சொம்பை எடுத்து ஓங்கிவிட்டார். நான் எட்ட நின்றிருந்தேன். "ஆயா, வேணாங்க! அவரு வந்துட்டாரு!" என்று கத்தினேன்.

"யாரு?" என்றார்கள் இருவரும்.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து நான் உச்சரிக்காத பெயர் வாய் தவறி வந்துவிட்டது. "ராமசாமி!"

இருவரும் சேலையை இழுத்துத் தலையில் போட்டார்கள். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள், அச்சு அசல் என் வீட்டுக்காரர் செருமுகிற மாதிரி. திரும்பினால் ஆள் இல்லை, பீடி வாசனைதான் வந்தது. கிழவிகள் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள், தங்கள் தட்டிலிருந்து சோறு எடுத்து வைத்தார்கள், முந்தானையால் விசிறினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எத்தனை வருஷம் நான் காத்துக் கிடந்தேன், வந்ததும் வந்தார், இவர்களிடமா வரவேண்டும்?

"எனக்கும் கொஞ்சம் எடம் குடுங்க" என்று போய் நின்றேன்.

சின்னத்தாயி முறைத்தார். "எங்க ரெண்டு பேருக்கே அவரு பத்தல. நீ யாருடி மூணாவதா?"

அதோடு அவர்களுக்குள் அடிதடி நின்றது. திட்டெல்லாம் எனக்குத்தான், அது போகட்டும். அன்று கை கழுவிவிடும்போது முனியம்மா சொன்னார், "பாவம், அவருக்கு எடது கையில சுண்டு விரலு பாதிதான் இருக்குது."

கரும்பு ஆட்டும்போது நசுங்கிப்போன விரல் அது. அதை நான் அங்கே யாரிடமும் சொன்னதே இல்லை. இன்றைக்கும் பொட்டு வைக்கப் போகும்போது, வைக்கலாமா கூடாதா என்று கை நின்றுவிடுகிறது.