நடுத்தையலின் இருபுறமும்

பெயர்: ராசாத்தாள். பிறப்பு: 1962, சென்னிமலை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி: 1979. பணி: நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் போர்வை இணைப்புத் தையல், 1984 முதல். மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதியது: அக்டோபர் 1994, புவியியல் தவிர எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி. புவியியலில் 61. மறுமுறை, அக்டோபர் 1995: 66. தேர்ச்சிக்கு வேண்டியது 200-க்கு 70.

சங்கத்தில் துணிப் பரிசோதகர் பணியிடம் காலியாயிற்று. மேல்நிலைத் தேர்ச்சி கட்டாயம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1996 ஜூன் 30. ஆக, மார்ச் தேர்வை விட்டால் வேறு வழியில்லை.

இரண்டு முறையும் அவரைக் கவிழ்த்தது ஒரே வினாதான்: புவித்தட்டுகள் நகர்கின்றன என்பதற்குச் சான்றுகள் தருக. தென் அமெரிக்காவின் கரையும் ஆப்பிரிக்காவின் கரையும் பொருந்துகின்றன என்று எழுதியதும் பேனா நின்றுவிடும். ஓரம் பொருந்துவதெல்லாம் ஒரு சான்றா? வெட்டுத் துணித் துண்டுகளில் எந்த இரண்டையும் பொருத்திக் காட்ட அவரால் முடியும்.

பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை முற்பகல். தையல் இயந்திரத்தின் பலகைமேல் பாடநூல் விரிந்து கிடந்தது. இரட்டைப் போர்வையைத் தறியில் இரண்டு பாதிகளாகத்தான் நெய்வார்கள். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு புறம் அகலச் சிவப்புக் கரை. அடுத்துப் பச்சை, மஞ்சள், பிறகு வெற்று ஓரம். ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பி, வெற்று ஓரங்களை நடுவில் இணைக்க வேண்டும். ராசாத்தாளின் கண் புத்தகத்தில் இருந்தது; திருப்பாமலே தைத்துவிட்டார்.

மேற்பார்வையாளர் அங்கப்பன் போர்வையைத் தூக்கிப் பிடித்தார். "ஏனுங்க அம்மணி, செவப்புக் கரை நடு வவுத்துல ஓடுது! படுக்கறவன் எந்தப் பக்கமுங்க படுப்பான்?"

பக்கத்து இயந்திரத்தில் இருந்த பொற்கொடி சிரித்தாள். "அக்கா பரிட்சைக்குப் படிக்கறாங்கண்ணா."

"ரெண்டு தடவ ஊத்திக்கிச்சு. இது மூணாவதுங்களா?"

"இந்தப் போர்வையச் சேத்தா நாலுங்க," என்றார் ராசாத்தாள்.

தையலைப் பிரித்து, ஒரு பாதியைத் திருப்பி, மற்றப் பாதியின் பக்கத்தில் வைத்தார். நடுவிலிருந்து இடப்புறம் மஞ்சள், பச்சை, சிவப்பு. வலப்புறமும் அதே வரிசை, அதே அகலம். கை அப்படியே நின்றது. அட்லாண்டிக் கடலடியைப் பற்றி மனப்பாடம் செய்து மனப்பாடம் செய்து மறந்த பத்தி கண்முன் விரிந்து கிடந்தது.

"ஏங் கண்ணு பொற்கொடி, இந்த நடுத்தையல்ல இருந்தே துணி ரெண்டு பக்கமும் நெய்ஞ்சுட்டு வந்தா எப்படியிருக்கும்?"

"நம்மளுக்கு வேலையே இருக்காதுங்கக்கா."

"கடலுக்கடியில அதுதான் நடக்குது. நடுவுல பாறைக் கொழம்பு மேல வந்து ஆறுது. ஆறுறப்ப பூமியோட காந்தம் எந்தத் திசையோ, அதை அப்படியே புடிச்சுக்கும். பொறவு ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் நகருது. காந்தம் அப்பப்ப வடக்கு தெக்காத் திரும்பிக்குது. அதுதான் பட்டை பட்டையா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. தையலுக்குக் கிட்ட புதுப் பாறை. தள்ளிப் போகப் போகப் பழசு."

அங்கப்பன் விடவில்லை. "அப்படின்னா பூமி பெருத்துட்டே போகோணுமுங்களே?"

"வேற பக்கம் பழசு அடியில மடிஞ்சு உள்ள போயிருதுங்க. அந்த ஓரத்துலதான் எரிமலையும் நெலநடுக்கமும் வரிசை கட்டி நிக்குது."

அங்கப்பன் பட்டைகளை இருபுறமும் விரலால் தொட்டு எண்ணினார். "செரியாத்தானுங்க இருக்குது. இப்ப போர்வையத் தச்சுப்போட்டுப் பேசுங்க."

மார்ச் தேர்வில் அதே வினா வந்தது. ராசாத்தாள் தமக்குள் சிரித்துக்கொண்டே எழுதினார்: கடலடிப் பட்டைகள், மடியும் ஓரங்கள், இரு கண்டங்களிலும் கிடைத்த ஒரே ஊர்வன இனத்தின் புதைபடிவம். கரைகளின் பொருத்தத்தைக் கடைசியில் வைத்தார். பட்டைகளுக்குப் படமும் வரைந்தார். நடுக்கோடு மட்டும் தையல்போல விட்டு விட்டு இருந்தது.

ஜூன் 12 அன்று விண்ணப்பம் கொடுத்தார்; ஆகஸ்ட் 1 அன்று பரிசோதகர் மேசைமுன் அமர்ந்தார். விண்ணப்பத்தோடு இணைத்த மதிப்பெண் பட்டியலில், புவியியல்: 200-க்கு 158.