நாலரை கிலோ உருளைக்கிழங்கும் குண்டனும்

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவரு டிரைவர். வண்டி லேட்டுன்னு ஒரு நாள் பேச்சு வாங்கினதில்ல. அப்பேர்ப்பட்ட மனுஷனை, ரிட்டயர் ஆனப்புறம், அவரோட நாய் குண்டன் தெருவுல தரதரன்னு இழுத்துட்டுப் போவான். போன மாசம் ஒரு பூனையைப் பாத்துப் பாய்ஞ்சதுல டிரைவர் குப்புற விழுந்து முழங்கால் தோலெல்லாம் போச்சு.

அந்த நேரம் பாத்து மக வந்திருந்தா, மூணு மாசக் கைக்குழந்தையோட. அவரோட முதல் பேத்தி. அந்தப் பொக்கை வாய் சிரிச்சா டிரைவருக்குச் சோறு தண்ணி மறந்துடும். தள்ளுவண்டியில அவளை வெச்சு பார்க் வரைக்கும் ஒரு ரவுண்டு போகணும், அதான் அவரு ஆசை.

"குண்டன் இல்லாம போங்க"ன்னா மக.

"அவனை விட்டுட்டுப் போனா ஊளையிட்டே தெருவைக் கூட்டிடுவானேம்மா."

"அப்ப இழுக்காம நடக்கப் பழக்குங்க. என் கண்ணால பாத்தாத்தான் புள்ளைய வெப்பேன். ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பிடுவேன், ஞாபகம் வெச்சுக்குங்க."

இருந்தது பத்தே நாள்.

நாய் டாக்டர் சொன்னது ஒரே விஷயம்: "கயிறு இறுகினா நில்லுங்க. தளர்ந்தா நடங்க." கேக்க சுலபம்தான். ஆனா நிக்கிறதுன்னாலே டிரைவருக்கு வேப்பங்காய். முதல் நாள் வாசல்ல இருந்து முடிவெட்டுற கடை வரைக்கும் போறதுக்குள்ள இருபத்திரெண்டு தடவை நின்னாரு.

மூணாம் நாள் தள்ளுவண்டியையும் எடுத்துக்கிட்டாரு. பேத்தி எடை நாலரை கிலோ. அதே எடைக்கு உருளைக்கிழங்கைக் கட்டி, போர்வை போத்திப் படுக்க வெச்சாரு.

முடிவெட்டுறவரு எட்டிப் பாத்தாரு. "என்ன டிரைவரண்ணே, கிழங்கு காத்து வாங்கப் போகுதா?"

"சத்தம் போடாதப்பா, தூங்குது."

எட்டாம் நாள் குண்டனுக்கு விஷயம் பிடிபட்டுடுச்சு. கயிறு இறுகினா அவனே நின்னு திரும்பிப் பாப்பான்.

சனிக்கிழமை காலையில மக வாசல்ல நின்னு பாத்தா. கிழங்கோட தெருமுனை வரை போய் வந்தாச்சு, கயிறு தொங்கிட்டே இருந்துச்சு. உடனே அவளே கிழங்கை இறக்கிட்டு புள்ளையைப் படுக்க வெச்சா.

டிரைவருக்குக் கால் தரையில பாவல. நாலு எட்டு வெச்சிருப்பாரு, கயிறு விண்ணுன்னு இறுகிச்சு. குண்டன் பின்னாடி சம்மணம் போட்ட மாதிரி உக்காந்துட்டான்.

"டேய், மானத்தை வாங்காத, வாடா!"

மக வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "அப்பா, இழுக்கிறது நீங்க! அவன் படிச்ச பாடப்படி நிக்கிறான்."

டிரைவர் முகம் சுண்டிப் போச்சு. "அப்ப... புள்ளைய எடுத்துடுவியா?"

"எதுக்கு? நீங்க ஓடினாலும் குண்டன் விடமாட்டானே. போயிட்டு வாங்க."

அவரு ரெண்டடி பின்னால வந்தாரு. கயிறு தளர்ந்துச்சு. குண்டன் எழுந்து உடம்பை உதறிட்டு நடந்தான்.

அஞ்சு நிமிஷத்துல போற பார்க்குக்கு அன்னிக்கு அரைமணி நேரம் ஆச்சு. டிரைவர் வாழ்க்கையில அதான் முதல் லேட்டு. வழியில கேட்டவங்க கிட்டயெல்லாம் அதையும் பெருமையா சொல்லிட்டுத்தான் போனாரு.