கூட்டாத காட்டில் கூட்டியிருந்த இடம்

இதைக் கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள், பரவாயில்லை. பேய், ஆவி எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ, வேலை தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில். பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். இது நடந்தது இரவில்கூட இல்லை, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு.

அப்பா மட்டாஞ்சேரி பஜார் ரோட்டைக் கூட்டியவர், கார்ப்பரேஷன் வேலை. ஓய்வு பெறும்வரை கொச்சியைத் தாண்டியதில்லை. அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவரை அழைத்துப்போக, கேரளத்தில் கூட்டம் சேராத கோட்டைகள், காவு எனப்படும் கோயில்காடுகள், குகைக்கோயில்கள் என்று பதினோரு இடங்களை எழுதிச் சுவரில் ஒட்டினேன், பக்கத்தில் இருப்பது முதலில், தூரத்தில் இருப்பது கடைசியில் என்று.

அப்பா நேராக ஐந்தாவதில் விரலை வைத்தார். பெரும்பாவூர் பக்கம் இருக்கும் இரிங்கோல் காவு.

"மொதல்ல இங்கதாண்டி மோளே போணும். கூட வேல பாத்த ஜோசப் சேட்டன் சொல்லிருக்காரு. மரம் சாஞ்சா சாஞ்ச எடத்துலயே கெடக்குமாம், ஒரு எலயக்கூட யாரும் எடுக்கமாட்டாங்களாம். கூட்டவே கூட்டாத எடம்! ஒரு தடவ கண்ணால பாத்துடணும்."

"வரிசைப்படி போலாம்பா. அஞ்சாவதா வரும்."

"ஒன் வரிசைய ஒன் பட்டறையில வச்சுக்கோ" என்றார். ஆனாலும் என் வரிசைப்படியே வந்தார்.

பையில் ஒரு குட்டை விளக்குமாறு கொண்டுவருவார், நம்புங்கள். எங்கே போனாலும் உட்காருமுன் அந்த இடத்தைக் கூட்டிவிட வேண்டும். பள்ளிப்புரம் கோட்டையில் எனக்கு மானம் போனது.

"அப்பா, இது டூரா, டூட்டியா?"

"நம்ம ரெண்டு பேரு உக்கார்ற எடம்டி. இதுக்குமா சூப்பர்வைசரு வரணும்?"

இடது கைக்காரர் என்பதால் குப்பை எப்போதும் வலப்பக்கம் பிறைபோல ஒதுங்கும். முடித்ததும், ஈர்க்குகள் ஒழுங்காக இறங்க, அடிக்கட்டையைத் தரையில் மூன்று முறை குத்துவார். மூன்று குழி விழும். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பிளாஸ்க்கில் கொண்டுபோன சாயா குடிப்போம்.

நான்காவது, கோட்டப்புரம் கோட்டை. அதிலிருந்து வந்த ஆறாம் நாள் நெஞ்சு வலி என்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது அவர் உயிரோடு இல்லை.

ஐந்தாவதுக்கு மூன்று மாதம் கழித்துத் தனியாகப் போனேன். பட்டியலின் அடியில் 'எடுத்துச் செல்ல வேண்டியவை' என்று எழுதியிருந்தேன்: தண்ணீர், குடை, அப்பாவின் விளக்குமாறு. கடைசியில் இருந்ததை அடித்துவிட மனம் வரவில்லை. விளக்குமாற்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டேன்.

காவுக்குள் வெயில் இறங்கவில்லை. எங்கே பார்த்தாலும் சருகு, விழுந்த இடத்திலேயே மக்கும் மரங்கள். நடைபாதை ஓரமாக, சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் அடியில் மட்டும் சருகு இல்லை. ஈரமண் தெரிந்தது. வலப்பக்கம் பிறைபோல இலைகள் ஒதுங்கியிருந்தன. பக்கத்தில் மூன்று குழி.

என் வழக்கப்படி காரணங்களைத்தான் அடுக்கினேன். காற்று, காட்டுப்பன்றி, வேறு யாராவது வந்தவர்கள். அப்புறம் செய்தித்தாளைப் பிரித்து விளக்குமாற்றின் அடிக்கட்டையைக் குழியில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் சரியாக இறங்கியது.

கோயில் பக்கம் ஓடிப்போய் அங்கிருந்த சேச்சியிடம் கேட்டேன், உள்ளே யார் கூட்டுவார்கள் என்று.

"உள்ளே ஆரும் அடிக்கில்ல மோளே, ஒரு எலயும் எடுக்கில்ல" என்றவர், என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கையில சூலும் வச்சிட்டு, ஆரு அடிச்சதுன்னு என்கிட்ட கேக்குதோ?"

உங்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கும், நானே கூட்டிவிட்டு மறந்துவிட்டேன் என்று. எனக்கும் வந்தது. ஆனால் நான் வலது கைக்காரி.

மரத்தடிக்குத் திரும்பி வந்து, நாடாவை விரித்துக் கூட்டியிருந்த இடத்தின் அகலத்தை அளந்தேன். இருபது அங்குலம். ஒருவர் உட்காரலாம், இரண்டாமவருக்கு இடமில்லை. மற்ற நான்கு இடங்களிலும் அவர் இரண்டு பேருக்குத்தான் கூட்டியிருந்தார்.

நான் உட்காரவில்லை.

பட்டியல் இன்னும் சுவரில்தான் இருக்கிறது, ஆறாவதுக்குப் போகவில்லை. அப்பா வந்தாரா என்று இப்போதெல்லாம் யோசிப்பதில்லை. அந்த இருபது அங்குலம்தான் தூங்கவிடமாட்டேன் என்கிறது. என் வரிசைக்குக் காத்திருக்க முடியாமல் தனியாக வந்து தனக்கு மட்டும் கூட்டிக்கொண்டாரா, இல்லை எனக்கு மட்டும் இடம் செய்துவிட்டு, நான் உட்காருவேன் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாரா?