குட்டையாகக் கட்டிய கயிறு

"…தண்ணி எங்கயும் ஓடிப் போயிடல, மேக்காத்து தள்ளிக் கொண்டுபோய் கடல்ல வச்சிருக்கு. காத்து நின்னா தானா திரும்பி வரும்" என்றார் அப்பா, சாய்ந்து கிடந்த படகின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி. என் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

மேற்குக் காற்றை எங்கள் கருக்களாச்சேரியில் ஆளைப் போலத்தான் பேசுவார்கள். "வந்துட்டாரு", "இன்னும் கெளம்பல" என்பார்கள், போக மனமில்லாத விருந்தாளியைச் சொல்வது மாதிரி. அந்த முறை விருந்தாளி ஆற்றுவாய்த் தண்ணீரையெல்லாம் கடலுக்குள் தள்ளிவிட்டார். படகுகள் சேற்றில் கிடந்தன. மற்றவர்கள் திட்டினார்கள். அப்பாவுக்கோ சந்தோஷம், படகின் அடியில் இருந்த விரிசலை ஒட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒட்டும்போது படகு நகரக்கூடாதென்று, சேற்றில் தலைகாட்டிய பழைய கட்டையில் முன்கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கட்டியிருந்தார். போன தண்ணீர் திரும்பும்போது படகு மேலே எழும்ப வேண்டும், அதற்குக் கயிறு நீளமாக இருக்க வேண்டும். "வேலை முடிஞ்சதும் நீட்டிக் கட்டணும் பாப்பா, ஞாபகப்படுத்து" என்று என்னிடமே சொல்லியிருந்தார்.

வேலை முடிவதற்குள் சாலையில் யாரோ கத்தினார்கள், கடல் உள்வாங்கிவிட்டதென்று. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரை ஓடவைக்க அது போதும். வீடுகளைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஜனங்கள் ஓடினார்கள். அம்மா சேற்றில் இறங்கி அப்பாவின் சட்டையைப் பிடித்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தாங்க உள்ள போச்சு. மீன் துள்ளுதுன்னு ஓடுனான் என் புள்ள. நீங்க நடுக்கடல்ல இருந்தீங்க, உங்களுக்கு என்ன தெரியும்?"

சுனாமியில் போன அண்ணனைப் பற்றி அம்மா வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான். "கயித்த மட்டும் நீட்டி விட்டுட்டு வந்துடறேன்" என்றார் அப்பா மெதுவாக. அம்மா விடவில்லை. சட்டை கிழிந்தது. அப்பா கயிற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கடலைவிட்டுத் தள்ளியிருந்த கோவில்பத்தில், அத்தை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அலை எதுவும் வரவில்லை. "என்ன மச்சான், ஒங்க கடலு பஸ்ஸுக்கு நிக்கிதா?" என்று மாமா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் காற்று சட்டென்று நின்று, கிழக்கே கடல் பக்கமிருந்து திரும்பி வீசியது. அப்பா எழுந்தார். அம்மா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போக அவரால் முடியவில்லை. அங்கேயே நின்று, தென்னங்கீற்றுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் போனபோது ஆறு நிறைந்து கிடந்தது. நீளக் கயிற்றில் கட்டிய படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் படகின் மூக்கை மட்டும் குட்டைக் கயிறு கட்டையோடு விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஏறிய தண்ணீர் அதன் மேலேயே ஏறியிருந்தது. உடைந்த பின்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. இஞ்சின் இருந்த இடம் காலி.

"காத்துதானா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல, கடல்தான் வந்துட்டுப் போயிருக்கு. நீ இழுத்துட்டு வரலைன்னா நானும் இதுக்கடியிலதான் கெடப்பேன்" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்துப் படகுகள் முழுசாக நிற்கின்றனவே, இவர் ஏன் பொய் சொல்கிறார் என்று புரியவில்லை. "காத்துன்னு நீங்கதானப்பா…" என்று ஆரம்பித்தேன்.

அம்மா பக்கம் திரும்பாமலே, சேறு படிந்த உள்ளங்கையால் அப்பா என் வாயை அழுத்திப் பொத்தினார்.