அண்ணனிடம் இருக்கும் உயில்

எழுதத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசவும் வராது.

அப்பா சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீடு வாங்கினார். எனக்குத் திருமணம் ஆகவில்லை. கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தேன். "வீட்ட ஒனக்குத்தான் எழுதி வச்சிருக்கேன்," என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். உயில் எழுத அவரைக் காரில் கூட்டிப்போனது சிலிபினில் இருக்கும் அண்ணன். உயிலும் அண்ணனிடமே இருந்தது. கொள்ளி வைக்கிற மகன்தான் காகிதங்களை வைத்திருப்பது எங்கள் வழக்கம். அப்பா இறந்ததும் வீட்டுப் பத்திரத்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

கருமாதி அன்று உயிலைக் கேட்டேன்.

"வருஷ திவசம் முடியட்டும்லா. சாம்பலே இன்னும் ஆறல, அதுக்குள்ள வீடா?" என்றார் அண்ணன். சொந்தக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் ஒரு வருடம் நான் வாய் திறக்கவில்லை.

திவசம் முடிந்து இலை எடுத்தபின் மறுபடி கேட்டேன்.

"எந்த உயிலு? வீட்ட விக்கப் போறேன். ரெண்டு மாசம் டைம் தாரேன், வேற ரூம் பாத்துக்க."

எனக்கு அழுகை வரவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்தேன்.

ஈப்போவில் பார்த்த வக்கீல் என்னைவிடச் சின்னப் பெண். "ஒரு வருஷமா சும்மாவா இருந்தீங்க அக்கா?"

"துக்க வீட்டுல கேக்கக் கூடாதுன்னு..."

அவர் சிரிக்கவில்லை. "வச்சிருக்கிறவரு உயில மறைக்க முடியாதுக்கா. கொண்டுவந்து குடுன்னு கோர்ட்டு மூலமா கேக்கலாம். முதல்ல கேவியட்டுன்னு ஒரு தடை மனு போடுவோம், ஒங்களுக்குத் தெரியாம அவரு அப்பா சொத்துக்கு அதிகாரம் வாங்க முடியாது. எழுதுன வக்கீல்கிட்ட நகல் இருக்கான்னும் தேடுவோம். சாட்சி போட்டவங்களும் இருப்பாங்க."

காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டேன். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருந்தது. வேறு யாருடைய பெயரையோ பார்ப்பதுபோல் இருந்தது.

அவருக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. மாலையில் நானே போன் செய்து சொன்னேன்.

"கோர்ட்டு வரைக்கும் போற ஆளாயிட்டியா நீ?" என்றார். பிறகு அவரே கேட்டார், "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணே."

அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் வக்கீல் கேவியட்டைப் பதிவு செய்தார். உயிலைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி அண்ணனுக்குக் கடிதமும் போனது. நான் வேலைக்குப் போய்விட்டு அதே வீட்டுக்குத் திரும்பினேன்.